லினக்ஸ் கணினியில் மணி தப்பினால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

"அண்ணே, சிஸ்டத்துல மணி தப்பாக் காட்டுது" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எப்போது தப்புகிறது? ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போட்டதுமா, ஓடிக்கொண்டிருக்கும்போதா, மடிக்கணினியை மூடித் திறந்த பிறகா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கணினிக்குள் இருப்பது ஒரே கடிகாரம் இல்லை. வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு கடிகாரம் பொறுப்பேற்கிறது. தப்பியது எது என்று தெரியாமல் கை வைத்தால் நன்றாக இருப்பதையும் கெடுத்துவிடுவோம்.

கணினி அணைந்திருக்கும்போது நேரம் காப்பது ஆர்டிசி என்ற சின்னச் சுற்று. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல்தான் அதற்கு உயிர். லினக்ஸ் எழும்போது அதன் மையப் பகுதியான கெர்னல் ஆர்டிசியிடம் ஒருமுறை மணி கேட்டுக்கொள்ளும், அதோடு சரி. அதற்குப் பிறகு கெர்னல் நம்புவது ஒரு கவுண்டரை. அதற்குத்தான் கிளாக்சோர்ஸ் என்று பெயர். கவுண்டருக்கு மணியும் தெரியாது, தேதியும் தெரியாது. ஒரே வேகத்தில் எண்ணிக்கொண்டே போகும். போன தடவை பார்த்ததிலிருந்து எத்தனை எண் கூடியிருக்கிறது என்று பார்த்து, அதை ஒரு குணகத்தால் பெருக்கி நானோவினாடியாக்கி, கெர்னல் தன் மணியில் சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவதாக, இணையத்திலிருந்து என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக வரும் திருத்தம். என்டிபி சரியாக நடக்கும்போது கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை திருத்திய நேரத்தை ஆர்டிசியிலும் எழுதி வைக்கும்.

ஆகவே எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையைக் கொடுங்கள். (கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) உள்ளூர் நேரம், யுடிசி என்ற உலகப் பொது நேரம், ஆர்டிசி நேரம் மூன்றும் வரும். கூடவே என்டிபி ஒத்திசைவு இருக்கிறதா இல்லையா என்றும் சொல்லும். இவற்றை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் கைப்பேசி காட்டும் மணியையும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் இதையே செய்யுங்கள். எந்த வரி நகர்கிறது, எது நகரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காலையில் போட்டால் தேதியே பழையதாக இருக்கிறது

தேதி பல மாதம், சில சமயம் பல வருடம் பின்னால் நிற்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிரவுசர் தடுக்கும். மென்பொருள் புதுப்பிக்கப் போனாலும் அதே கதை. கெர்னலில் கோளாறு எதுவும் இல்லை. செல் போய்விட்டது.

மதுரை கீழமாசி வீதி மாதிரிக் கடைத்தெருக்களில் ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது வழக்கம். அப்போது போர்டுக்கு வேறு மின்சாரம் இல்லாததால் முழுச் சுமையும் செல்மேல்தான். மெயினை அணைக்காத இடங்களில் கதை வேறு. கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். செல் செத்துப்போனது வெளியே தெரியவே தெரியாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் வரும் நாளில், யுபிஎஸ்ஸும் தீர்ந்த பிறகு, பல கணினிகளில் ஒரே சமயத்தில் தேதி தப்பும். "கரண்ட் போய் வந்ததுல சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்பார்கள். செல் எப்போதோ தீர்ந்திருக்கும், அன்றைக்குத்தான் தெரிய வந்திருக்கும்.

மல்டிமீட்டரில் பாருங்கள். புதுச் செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன்னால் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) அமைப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வட்டு எந்த முறையில் ஓடுகிறது, எதிலிருந்து பூட் ஆகிறது என்ற இரண்டையும். செல்லை எடுத்ததும் அவை பழைய நிலைக்குப் போய், மணியைச் சரிசெய்யப் போன இடத்தில் கணினியே எழாமல் நிற்கலாம். மாற்றிய பிறகு இணையத்தில் இணைத்து மணி சரியாகும்வரை பொறுத்து, ஹெச்டபிள்யூகிளாக் கட்டளைக்கு சிஸ்டோஹெச்சி என்ற விருப்பத்தைக் கொடுத்து ஆர்டிசியில் எழுதுங்கள்.

இதில் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. செல் போனால் 1970 என்று காட்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். இப்போதைய லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, தன்னைத் தொகுத்த தேதிக்கு முன்னால் மணியைப் போகவிடாது. அதன் நேர ஒத்திசைவுச் சேவை கடைசியாகப் பார்த்த நேரத்தையும் வட்டில் ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அதனால் தேதி நேற்று ராத்திரியாகவோ சில மாதம் முந்தியதாகவோ, நம்பும்படியாகவே இருக்கும். நம்பும்படி இருப்பதால்தான் ஆபத்து. பில்லில் நேற்றைய தேதி விழுந்து, மதியம்வரை யாரும் கவனிக்காமல் போகும்.

ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றைப் பலகைக் கணினியில் 4 வரை ஆர்டிசியே கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தோப்பில் மோட்டாரை நேரம் வைத்து ஓட்ட இதைப் பயன்படுத்துகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் போய் 2 மணி நேரம் கழித்து வந்தால், இணையம் கிடைக்காதவரை பை அந்த 2 மணி நேரத்தைத் தொலைத்துவிட்டுப் பழைய மணியிலிருந்தே தொடரும். தண்ணீர் தப்பான நேரத்தில் பாயும். டிஎஸ்3231 என்ற ஆர்டிசி பலகையை வாங்கி மாட்டுங்கள். விலை குறைவான டிஎஸ்1307-ஐ நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் இதற்கு அடுத்த அடுத்த பகுதியில்.

சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பு

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கின்றன. விண்டோஸ் ஆர்டிசியில் நம் ஊர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யுடிசி என்று படிக்கும். மதியம் 3:30 என்பது லினக்ஸில் இரவு 9 ஆகிவிடும். செல்லை மாற்றாதீர்கள், கெர்னலைத் தொடாதீர்கள். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் நேர மண்டலத்துக்கான இடத்தில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற மதிப்பை 1 என்று வைத்துவிட்டால் இரண்டும் யுடிசியையே பேசும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் வழி உண்டு, ஆனால் அது எதிர்காலத் தொல்லை.

தினமும் சில வினாடி பின்தங்குகிறது, கோடையில் அதிகம்

இது அணைத்து வைக்கும்போது மட்டும் நடந்தால் ஆர்டிசியின் படிகம்தான் காரணம். அந்தப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும். 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் என்பதால் அதை வகுத்து ஒரு வினாடி எடுப்பது சுற்றுக்கு எளிது. இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் அருகில்தான் சரியான வேகத்தில் ஓடும். சூடு கூடினாலும் குளிர் கூடினாலும் மெதுவாகும். எவ்வளவு என்றால், 25-இலிருந்து விலகிய டிகிரியை வர்க்கமாக்கி 0.034-ஆல் பெருக்குங்கள். வருவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு, பிபிஎம் என்பார்கள்.

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விலகல் 20, வர்க்கம் 400, பிழை 13.6 பிபிஎம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி என்பதால் சுமார் 1.2 வினாடி பின்தங்கும். 55 டிகிரியானால் 2.6 வினாடி. தயாரிப்பிலேயே 20 பிபிஎம் வரை வித்தியாசம் இருக்கலாம். அது இன்னொரு 1.7 வினாடி. ஆக, தினமும் நாலைந்து வினாடி தப்புவதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடம் தப்பினால்தான் கோளாறு.

டிஎஸ்3231-ஐ வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அதன் உள்ளேயே வெப்பமானி இருக்கிறது. சூட்டுக்கு ஏற்பத் தன் வேகத்தைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பிழை 2 பிபிஎம்முக்குள் நிற்கும், அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடம் போல. டிஎஸ்1307-இல் இந்த ஏற்பாடு இல்லை. நம் ஊர் வெயிலுக்கு அது தோதுப்படாது.

ஓடும்போது மெதுவாகிவிட்டது, கெர்னல் பதிவில் டிஎஸ்சி பற்றி ஒரு வரி

இங்கேதான் அதிகம் பேர் தப்பான மருந்தைச் சாப்பிடுகிறார்கள். மணி சரியாகவே இருக்கும். ஆனால் தரவுத்தளம் மந்தமாகியிருக்கும், பில்லிங் மென்பொருள் இழுக்கும், பிராசசர் காரணமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கெர்னல் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் கிளாக்சோர்ஸ் என்று தேடினால், டிஎஸ்சி என்ற கவுண்டரை நிலையற்றது என்று குறித்துவிட்டதாக ஒரு வரி இருக்கும்.

இன்டெல், ஏஎம்டி கணினிகளில் கெர்னல் தேர்ந்தெடுக்கப் பல கவுண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கெர்னல் மூலநிரலிலேயே ஒரு மதிப்பெண் உண்டு. டிஎஸ்சிக்கு 300, ஹெச்பெட்டுக்கு 250, ஏசிபிஐ பிஎம் டைமருக்கு 200, எதுவும் இல்லாதபோது கடைசியாகக் கை கொடுக்கும் ஜிஃபீஸுக்கு 1. நம்பத்தகுந்தவற்றில் மதிப்பெண் அதிகமானதைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். இந்தப் பொதுவான அமைப்பு 2006-இல் 2.6.18 கெர்னலில் வந்தது. ஜான் ஸ்டல்ட்ஸ் செய்த வேலை. அதற்கு முன்னால் ஒவ்வொரு பிராசசர் வகையும் தனித்தனியாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

டிஎஸ்சி 1993-இன் பென்டியம் முதல் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கட்டளையில் படித்துவிடலாம், சில பத்து நானோவினாடிதான் ஆகும். அதோடு, விடிஎஸ்ஓ என்ற ஏற்பாட்டால் நிரல்கள் கெர்னலுக்குள் போகாமலே மணி பார்க்க முடியும். ஹெச்பெட்டும் பிஎம் டைமரும் பிராசசருக்கு வெளியே, சிப்செட்டில் இருப்பவை. ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய், அங்கிருந்து சிப்செட்வரை போய் வர வேண்டும். சுமார் ஒரு மைக்ரோவினாடி ஆகிவிடும். ஒரு தரவுத்தளம் வினாடிக்கு ஒரு லட்சம் முறை மணி கேட்டால், மணி பார்ப்பதிலேயே ஒரு கோரின் பத்தில் ஒரு பங்கு நேரம் கரைந்துவிடும். மெதுவானதன் ரகசியம் இதுதான். (பிஎம் டைமரின் வேகம் வினாடிக்கு 35,79,545. பழைய அமெரிக்கக் கலர் டிவியின் நிற அலைவரிசையும் இதே எண்தான். ஹெச்பெட்டில் வழக்கமாக வரும் 14.318 மெகாஹெர்ட்ஸ் இதைப்போல் நான்கு மடங்கு. முதல் பிசி காலத்தில் மலிவாகக் கிடைத்த படிகத்தின் தடம் இன்றும் கெர்னலுக்குள் இருக்கிறது.)

இப்போது எது ஓடுகிறது என்று பார்க்க, சிஸ் அடைவில் டிவைசஸ், அதில் சிஸ்டம், அதில் கிளாக்சோர்ஸ், அதில் கிளாக்சோர்ஸ்0 என்று போங்கள். கரன்ட் என்று தொடங்கும் கோப்பில் இப்போதையது இருக்கும், அவைலபிள் என்று தொடங்குவதில் கிடைக்கக்கூடியவை இருக்கும். டிஎஸ்சியை நிலையற்றது என்று கெர்னல் முடிவு கட்டியிருந்தால் அந்தப் பட்டியலிலிருந்தே அது காணாமல் போயிருக்கும், கையால் எழுதித் திருப்பிக் கொண்டுவர முடியாது. மந்தத்துக்குக் காரணம் இதுதானா என்று உறுதி செய்ய, ஒரு நிரல் கெர்னலை அழைப்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸை, இழுக்கும் நிரலின் மேல் ஓட்டுங்கள். கிளாக்_கெட்டைம் அழைப்பு வரிசை வரிசையாக விழுந்தால் விடிஎஸ்ஓ பயன்படவில்லை என்று பொருள். டிஎஸ்சி சரியாக ஓடும் கணினியில் அந்த அழைப்பு கண்ணிலேயே படாது.

சரி, கெர்னல் ஏன் அதைத் தள்ளி வைத்தது? கெர்னலுக்குள் வாட்ச்டாக் ஒன்று அரை வினாடிக்கு ஒருமுறை டிஎஸ்சியை ஹெச்பெட்டோடு அல்லது பிஎம் டைமரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் எல்லை தாண்டினால் டிஎஸ்சியைக் கீழே இறக்கிவிடும். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலில் புரோக் அடைவில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி, நான்ஸ்டாப்_டிஎஸ்சி என்ற இரண்டு கொடிகளும் (பிராசசரின் திறனைச் சொல்லும் சொற்கள்) இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் பிராசசரே பழையது. வேகம் மாறினால் அதன் டிஎஸ்சியும் மாறும், ஆழ்ந்த ஓய்வில் நின்றும் போகும். கெர்னல் செய்தது முழுக்கச் சரி. அந்தக் கணினிக்கு ஹெச்பெட்தான் விதி.

கொடிகள் இரண்டும் இருக்கின்றன, ஆனால் பதிவில் ஃபர்ம்வேர் பக் என்றும் டிஎஸ்சி அட்ஜஸ்ட் என்றும் வரிகள் இருக்கின்றன என்றால் குற்றம் பயாஸுடையது. வெவ்வேறு கோர்களின் கவுண்டரை அது வெவ்வேறு அளவில் தள்ளி வைத்திருக்கிறது. நம் பக்கம் நிறையக் கடைகளில் பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்ட கணினிகளை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறார்கள். அவற்றில் பயாஸ் முதல்நாள் பதிப்பிலேயே இருக்கும். புதுப்பித்துப் பாருங்கள், பல சமயம் அதோடு தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். டிஎஸ்சி நன்றாக இருக்கிறது, ஒப்பிடப் பயன்படுத்திய ஹெச்பெட் தப்பாக ஓடுகிறது. தேய்ந்த படிக்கல்லை வைத்துக்கொண்டு தராசைக் குறை சொன்ன மாதிரி. இன்டெல்லின் காஃபி லேக் வரிசைக் கணினிகள் சிலவற்றில் ஆழ்ந்த ஓய்வின்போது ஹெச்பெட் நின்றுபோவதை 2019-இல் கண்டுபிடித்து, அந்தக் கணினிகளில் கெர்னல் ஹெச்பெட்டையே பயன்படுத்தாதபடி மாற்றினார்கள். ஆகவே கெர்னல் அதற்கு முந்தியதாக இருந்தால் புதுப்பியுங்கள். நான்காவது, மெய்நிகர் கணினிக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அல்லது கடும் சுமையில், வாட்ச்டாக் இரண்டு கவுண்டரையும் படிப்பதற்கு நடுவே தாமதம் விழுந்து, வித்தியாசம் போலத் தோன்றுவது. புதிய கெர்னல்கள் மறுபடி படித்துச் சரிபார்க்கின்றன, பழையவை அப்படியே தீர்ப்பு எழுதிவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் பூட் வரியில் டிஎஸ்சி சமம் ரிலையபிள் என்று சேர்த்துவிடுங்கள் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். தயவுசெய்து அதை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். அந்த வரி டிஎஸ்சியைத் திருத்தாது. வாட்ச்டாக்கை மட்டும் நிறுத்தும். டிஎஸ்சி உண்மையிலேயே கெட்டிருந்தால் ஒரு கோரில் ஒரு மணி, அடுத்த கோரில் ஒரு மணி என்றாகி, நேரம் பின்னால் போகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அங்கே பின்னால் போட்ட பில் முன்னால் போட்டதாகப் பதிவானால் கணக்கு வழக்கில் முடியும். இரண்டு கொடியும் இருந்து, பயாஸும் கெர்னலும் புதிதாக இருந்து, போர்டில் ஒரே பிராசசர்தான் என்றும் உறுதியான பிறகு வேண்டுமானால் அந்த வரியைச் சேர்த்து, ஒரு நாள் முழுக்க என்டிபி திருத்தம் அலையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். அலைந்தால் எடுத்துவிடுங்கள்.

ஓடும்போதே நிமிடக் கணக்கில் விலகுகிறது, என்டிபியாலும் பிடிக்க முடியவில்லை

கவுண்டர் ஒழுங்காக எண்ணுகிறது, ஆனால் அதன் வேகத்தைக் கெர்னல் தப்பாக அளந்துவிட்டது. டிமெஸ்ஜியில் டிஎஸ்சி வேகம் மெகாஹெர்ட்ஸில் இருக்கும். சில முறை மறுதொடக்கம் செய்து அந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் அளவீடுதான் கோளாறு. பயாஸில் பஸ் வேகத்தை உயர்த்தி ஓவர்கிளாக் செய்திருந்தால் முதலில் அதைப் பழையபடி வையுங்கள். கெர்னலின் வழக்கமான வேகத் திருத்தம் 500 பிபிஎம் வரைதான், நாளுக்கு 43 வினாடி. பிழை அதற்கு மேலே போனால் பழைய ஒத்திசைவு நிரலான என்டிபிடி நழுவ விட்டுவிட்டுத் திடீரென்று மணியைக் குதிக்க வைக்கும். அதற்குப் பதிலாக வந்த குரோனி இதைவிடப் பெரிய பிழையையும் சமாளிக்கும். குரோனிசி டிராக்கிங் என்று கேட்டால் உங்கள் கடிகாரத்தின் பிபிஎம் பிழையை நேராகச் சொல்லும். அது பத்து இருபதுக்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

தூங்கி எழுந்த பிறகு தப்பு

தூக்கத்தில் பெரும்பாலான கணினிகளின் கவுண்டர் நின்றுவிடும். எழும்போது எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதைக் கெர்னல் ஆர்டிசியிடம்தான் கேட்கும். ஆகவே மடிக்கணினியை மூடித் திறந்ததும் தேதி எங்கோ போனால் ஆர்டிசியைச் சந்தேகியுங்கள்.

மெய்நிகர் கணினியை நிறுத்தி வைத்து எழுப்பினால் வருவது வேறு வகை. ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தால் விருந்தாளிக் கணினி அந்த ஒரு மணி நேரம் பின்தங்கி எழலாம். குரோனி ஓடுகிறதே, பிடித்துவிடும் என்று நினைப்போம். வழக்கமான அமைப்பில் அது தொடங்கியதும் வரும் முதல் 3 திருத்தங்களில் மட்டுமே மணியைக் குதிக்க விடும். அதற்குப் பிறகு மெதுவாகத்தான் நகர்த்தும், அதிகபட்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தில். ஒரு மணி நேர இடைவெளியை மூட 12 மணி நேரம் ஆகும். குரோனிசி மேக்ஸ்டெப் ('மேக்', 'ஸ்டெப்' இரண்டும் சேர்ந்த ஒரே சொல்) என்று ஒருமுறை கொடுங்கள், உடனே சரியாகும். இது அடிக்கடி நடக்கும் கணினியானால் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் வரியின் கடைசி எண்ணை கழித்தல் 1 ஆக்குங்கள்.

உங்கள் சொந்த நிரலில் கழிந்த நேரம் எதிர்மறையாக வந்தால் இதில் எந்த மருந்தும் வேலை செய்யாது. நிரல், கெர்னலின் ரியல்டைம் கடிகாரத்தை (ஆர்டிசி இல்லை, நாம் பார்க்கும் மணி) வைத்துக் கால அளவு கணக்கிடுகிறது. என்டிபி திருத்தும்போது அது பின்னாலும் போகும். கால அளவுக்கு, பின்னால் போகாத மோனோடானிக் கடிகாரத்தை எடுங்கள். தூங்கிய நேரமும் கணக்கில் வர வேண்டுமென்றால் பூட்டைம் கடிகாரம்.

ஒத்திசைவே நடக்கவில்லை

உள்நுழையும்போது ஓடிபி செயலி தரும் எண்ணைக் கணினி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது, 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் எண் அது. குரோனிசி சோர்சஸ் என்று கொடுத்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கேள்விக்குறி, ரீச் என்ற இடத்தில் 0. கல்லூரி ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் ஃபயர்வால், என்டிபி போய் வரும் யுடிபி 123 என்ற வாசலை அடைத்திருப்பதால் வருவது இது.

பிணையத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் எல்லாக் கணினிக்கும் திறந்துவிடச் சொல்ல வேண்டாம், ஒன்றுக்கு மட்டும் கேளுங்கள். இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினிகளின் மணியை அந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைக்கச் சொல்கிறது. அனுமதி கேட்கும்போது இதைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். அந்த ஒரு கணினியில் குரோனியை வெளி சர்வரோடு இணைத்து, அலோ வரியில் உங்கள் ஆய்வகத்தின் முகவரி வரம்பைக் கொடுத்து, மற்ற எல்லாக் கணினிகளையும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 என்ற வரியையும் அதில் சேர்த்துவிட்டால், இணையம் அறுந்த நாளிலும் ஆய்வகம் முழுக்க ஒரே மணியில் ஓடும். அந்த ஒரு கணினிக்கு மட்டும் நல்ல செல் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.